வரிசையில் வைத்த செங்கல்

முத்தம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அவள் குடியிருக்கும் மர்பி டவுனில் சொல்வார்கள். தப்பு. மூக்கு நுனியில் இருப்பது தும்மினால் விழுந்துவிடும். அவள் கோபம் ரேஷன் கார்டு மாதிரி. எங்கே போனாலும் கையோடு இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவாள். பதினாலு வயதில் ஊதுபத்தி கம்பெனியில் வேலை பார்த்தபோது, பெண்கள் உருட்டிய கட்டுகளைக் குறைத்துச் சொன்ன மேஸ்திரியின் தலையில் கரித்தூள் தட்டைக் கவிழ்த்தாள். வேலை போயிற்று. பிறகு கார்மெண்ட் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருஷம். பாத்ரூம் போகிற பெண்களுக்கு டோக்கன் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற சூப்பர்வைசரிடம், நீங்க போய்ட்டு வர எத்தனை நிமிஷம் சார் என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். அதுவும் போயிற்று. எப்போதும் நியாயம் அவள் பக்கம் இருந்தது, வேலை அவர்கள் பக்கம் இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில், நாற்பத்தொரு வயதில், ஒரு கான்ட்ராக்டர் அவளைக் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்க அனுப்பினான். கம்பெனி என்றால் ஒரு மாடி வீடு, பதினோரு பேர். செல்போனில் ஆடுகிற விளையாட்டுகளைச் செய்தார்கள். சுடுவது, குதிப்பது எல்லாம் இல்லை, உட்கார்ந்து யோசிக்கிற புதிர்கள். முதலாளி ஜெயராமன் மெதுவாகப் பேசுகிறவர். அவருக்கு ப்ரூனோ என்று ஒரு நாய், தினம் காரில் ஆபீசுக்கு வரும். அதன் தட்டைக் கழுவுவதும் முத்தம்மாவின் வேலைதான்.

புதிர்களைப் போடுகிறவன் ஸ்ரீஹர்ஷா. இருபத்தாறு வயது. மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கென்று எப்போதோ வந்து மல்லேஸ்வரத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. வாய் நிறைய அக்கா என்பான். அவள் சேர்ந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், தரை துடைத்துக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டி, கன்னடம் கலந்து, சும்னே ஒரு தடவை ஆடிப் பாருங்கக்கா என்றான். முத்தம்மா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

திரையில் கட்டம் போட்ட ஒரு சின்ன சந்து. அதில் பெட்டிகள். ஒவ்வொன்றும் நேராகத்தான் நகரும், ஒன்றை ஒன்று தாண்டாது. வழியை அடைக்கிறவற்றை அப்படி இப்படித் தள்ளிச் சிவப்புப் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். பத்து நிமிஷம் பெட்டியைத் திட்டினாள், போனைத் திட்டினாள், கொடுத்தவனையும் வாய்க்குள் திட்டினாள். பதினோராவது நிமிஷம், அதுவரை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்த ஒரு பெட்டியைப் பின்னால் இழுத்தாள். சந்து திறந்துகொண்டது. சிவப்புப் பெட்டி வழுக்கிக்கொண்டு போய் வெளியே விழுந்தது. அடிப்பாவி என்றாள் முத்தம்மா, தன்னைத்தான்.

அன்றைக்குப் பிடித்தது. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிற அளவுக்குப் பிடித்தது. பஸ்ஸில் முன்னால் நிற்கிற ஆளைப் பார்த்தால், இவன் இடதுபக்கம் நகர்ந்தால் அந்தம்மா இறங்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. ஏன் அப்படிப் பிடித்தது என்று அவளை யாரும் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். தாலூகா ஆபீசில் ஒரு பேப்பர் கேட்பான். அதைக் கொண்டுபோனால் வேறொரு பேப்பர் கேட்பான். கான்ட்ராக்டர் ஞாயிறு லீவு என்பான், ஞாயிறு வந்தால் லீவு திங்கள் என்பான். அவள் பார்த்த விதி எல்லாம் ஆளைப் பார்த்து மாறுகிற விதி. இந்தத் தீப்பெட்டி அகலத் திரையில் மட்டும் அது மாறவில்லை. முத்தம்மா தள்ளினாலும் முதலாளி தள்ளினாலும் பெட்டி நேராகத்தான் நகர்ந்தது. சிபாரிசு வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். மாட்டிக்கொண்டால் தப்பு உன்னுடையது, திறந்தால் புத்தி உன்னுடையது. அவளிடம் இத்தனை நேர்மையாக நடந்துகொண்டது அவள் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீஹர்ஷா புதுப் புதிர்களோடு வந்தான். அவள் ஆட, அவன் நேரம் குறித்துக்கொண்டான். ஆபீசில் அதற்கு முத்தம்மா டெஸ்ட் என்று பெயர். அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. சந்து முழுக்கச் சொல்லிவைத்தாள். பியூசி படிக்கிற மகள் ரூபினியிடம், நான் பாஸ் போட்டாத்தான் கேம் வெளிய போகும் தெரியுமா என்று தினம் ஒரு தடவையாவது சொன்னாள்.

விட்டுப்போன ஒருவனுக்குப் பதிலாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஸ்னேஹா ஒருநாள் அந்த டெஸ்ட் என்றால் என்ன என்று கேட்டாள். ஸ்ரீஹர்ஷா சிரித்துக்கொண்டே கன்னடத்தில் விளக்கினான். பெருக்குகிற அம்மாவுக்கே புரிந்துவிட்டால் எந்த முட்டாளுக்கும் புரியும், அந்தப் புதிரை எல்லாம் முதல் பத்துக்குள் போட்டுவிடுவோம் என்றான். படிக்கட்டில் அவள் துடைத்துக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பான். துடைக்கிறவளை யார் பார்க்கிறார்கள்?

பழைய முத்தம்மாவாக இருந்தால் பினாயில் வாளி அவன் தலையில் கவிழ்ந்திருக்கும், இந்த வேலையும் போயிருக்கும். ஆனால் அந்தப் பெட்டிகள் அவளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தன. எல்லா நேரமும் முன்னால் தள்ளினால் ஆகாது. இரு மகனே, நானே ஒரு புதிர் போடுகிறேன், உன் மண்டை காயட்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

அவள் புதிர் மர்பி டவுன் குழாயடியில் பிறந்தது. அங்கே காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகிற நேரத்தில் ஒரு மணி நேரம் வரும். சந்தோ இரண்டு குடம் அகலம். முன்கூட்டியே குடத்தை வைத்தால் திருட்டுப் போகும் என்பதால் செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். செங்கல்லும் அங்கே ஒரு ஆள்தான். அதை யாரும் நகர்த்தக்கூடாது, தாண்டக்கூடாது. ஆனால் அதற்குச் சொந்தக்காரியின் குடம் வந்து அதைத் தொட்டுவிட்டால் செங்கல் எழுந்து போய்விடும், இடம் குடத்துக்கு ஆகும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காமலேயே இதற்காக முப்பது வருஷமாக மண்டைகள் உடைந்திருக்கின்றன.

ஆபீஸ் சமையலறைத் தரையில் சதுர டைல்ஸ். அதில் ஒன்பது டீ கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்றுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டாள், அதைத்தான் குழாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நடுவழியில் செங்கல்லுக்குப் பதில் ஒரு ரஸ்க். மூலையில் ஒதுங்கி நின்ற கிளாஸ்தான் அந்தச் செங்கல்லுக்குச் சொந்தக்காரி. அடையாளத்துக்கு அதன் தலையில் ஒரு சிட்டிகை ரஸ்க் பொடி தூவினாள். மூன்று வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது யாருக்கும் லேசில் தெரியாது என்று ஆன பிறகு ஸ்ரீஹர்ஷாவைக் கூப்பிட்டாள்.

அவன் குனிந்து பார்த்தான். முகம் மாறிற்று. சட்டென்று குந்தி உட்கார்ந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு கிளாஸாக வரைந்துகொண்டான். மூலை கிளாஸின் மேல் அழுக்கு என்று நினைத்து ஃபூ என்று ஊதிவிட்டான். இது எப்படிப் போகும் என்று அவள் காட்ட ஆரம்பிப்பதற்குள் ப்ரூனோ உள்ளே வந்து ரஸ்க்கைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மேலே யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போகிறவனிடம் முத்தம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத கேம்ல போட்டா எம்பேரும் போடுவீங்களா சார்?"

"உங்க பேரு இல்லாமலாக்கா? கண்டிப்பா."

அந்தக் கண்டிப்பாவை நம்பி அவள் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. ரூபினியிடம் மட்டும் சொன்னாள். விளையாட்டின் கடைசியில் செய்தவர்களின் பெயரெல்லாம் ஒரு பக்கமாக வரும் என்று அவளுக்குத் தெரியும். கூட்டிப் பெருக்கியே தேய்ந்துபோன பெயர் ஒரு தடவை யோசித்ததற்காக எங்கேயாவது எழுதியிருக்கட்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கேம் முடிந்தது என்று கேக் வெட்டினார்கள். ஸ்னேஹா போனைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிக்க, எல்லோரும் கை தட்டினார்கள். முத்தம்மா கேக் தட்டுகளை ஒரு கைக்கு மாற்றி, மற்ற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். பதினோரு பெயர் ஆயிற்று. பன்னிரண்டாவதாக ஸ்னேஹா குரலை உயர்த்தி, ப்ரூனோ, சீஃப் ஹேப்பினஸ் ஆபீசர் என்றாள். கைதட்டலில் வீடு அதிர்ந்தது, நாய் குரைத்தது. பட்டியல் அதோடு முடிந்தது.

அந்த நாய் என்ன புதிர் போட்டது? அவள் ரஸ்க்கைத் தின்றது. அதற்குப் பெயரும் பதவியும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவள் புதிரை எடுத்து ஊருக்குப் பரிமாறியவன், கன்னத்தில் க்ரீமோடு சிரித்துக்கொண்டு நின்றான். முத்தம்மா எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். நாயின் தட்டையும் கழுவி வைத்தாள். வீட்டுக்குப் போகிற வழி முழுக்கப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு போன் கம்பெனிக்காரர்கள் கேமைப் பார்க்க வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்த்தார்கள். முப்பத்தொன்பதாம் புதிரில் எல்லோரும் நின்றார்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது, நானே போட்டது என்று ஸ்ரீஹர்ஷா மார்தட்டி வைத்திருந்தான். ஆனால் அவனும் அதை ஒரு தடவைகூட முடித்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை பார்த்தும் ஒருவருக்கும் வரவில்லை. ஸ்னேஹா எல்லா வழியையும் தேடுகிற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதி ஓடவிட்டாள். வழியே கிடையாது என்று கம்ப்யூட்டரும் கையை விரித்துவிட்டது.

டீ கொண்டுபோனபோது முத்தம்மா திரையைப் பார்த்தாள். பார்த்த உடனே புரிந்துவிட்டது. அவள் ரஸ்க் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். மற்ற புதிர்களில் எல்லாம் கறுப்புச் சதுரம் என்றால் சுவர், அசையவே அசையாது. மேலே டேங்க், கீழே குழாய் என்று திருப்பினால் கொட்டுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை, செங்கல்லைச் சுவர் என்று நினைத்துவிட்டான். இடம் பிடிக்க வைத்த கல், ஆள் வந்தால் எழுந்துபோகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பெயரைப் போடாததற்கு வந்த கோபத்தை விட இதற்கு வந்த கோபம் பெரிது. விடை இல்லாத புதிர் புதிரே இல்லை. அது தாலூகா ஆபீஸ். உலகத்தில் நேர்மையாக இருந்த ஒரே ஒரு பொருளையும் அவள் கையிலிருந்தே வாங்கி மோசடி ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் அவள் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவர்களே இறங்கி வந்து கேட்கட்டும்.

புதன்கிழமை மத்தியானம் ஜெயராமன் முதன்முதலாகக் கத்தினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது. வேறு வழியில்லாமல் ஸ்ரீஹர்ஷா அது முத்தம்மா போட்டது என்ற உண்மையைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்கு இறங்கி வந்தான்.

"அக்கா, அதுக்கு நெஜமாவே விடை இருக்கா?"

"எம்பேரு எங்க சார்?"

அது மறந்துபோயிற்று, அடுத்த தடவை பார்க்கலாம், இப்போது அர்ஜென்ட், அது வேற விஷயம் என்று அவன் என்னென்னவோ சொன்னான். எனக்கு அதுதான் விஷயம் என்று சொல்லிவிட்டு முத்தம்மா பாத்திரம் தேய்த்தாள். ஐந்து நிமிஷத்தில் ஜெயராமனே வந்தார். மறுபடி மெதுவான குரல். உங்க பேரு வரும் முத்தம்மா, நான் பொறுப்பு என்றார். பின்னாலேயே மொத்த ஆபீசும் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

முத்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒன்பது கிளாஸையும் தரையில் கவிழ்த்தாள். ரஸ்க்கை வைத்தாள். மூலை கிளாஸின் தலையில் பொடியைத் தூவி, இதை ஊதாதீங்க என்று ஒருவனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தள்ளினாள். முன்னால் இரண்டு, பக்கத்தில் ஒன்று, பின்னால் மூன்று. மூலை கிளாஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து ரஸ்க்கைத் தொட்டது. அவள் ரஸ்க்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சந்து திறந்தது. சிவப்பு ரப்பர் பேண்ட் நேராகத் தொட்டிக் குழாய்க்குக் கீழே போய் நின்றது.

பதினோரு பேரும் ஒரே மூச்சில் அட என்றார்கள். அந்த அட அவளுக்குத் தெரியும். அவளும் முதல் தடவை ஆடியபோது அதே இடத்தில் விட்டதுதான். கொஞ்ச நேரத்துக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கறுப்புச் சதுரத்தைச் செங்கல் நிறமாக்கி, சொந்தக்காரிக்கும் அதே நிறம் கொடுத்து அன்றைக்கே மாற்றினார்கள்.

வியாழக்கிழமை வந்தவர்களுக்கு நாற்பது புதிர்களிலும் அந்த ஒன்றுதான் பிடித்தது. செங்கல் வைத்து இடம் பிடிக்கிற வழக்கத்தை ஸ்ரீஹர்ஷா அவர்களுக்கு இங்கிலீஷில் விவரித்தான், ஏதோ பிறந்ததிலிருந்து குடத்தோடு வரிசையில் நின்றவன் மாதிரி. நோகாமல் நுங்கு தின்கிறவர்களுக்குக் கை வீச்சு அதிகம்தான். முத்தம்மா கண்டுகொள்ளவில்லை. பெயர் வந்துவிட்டது. அவனே திரையைக் காட்டினான். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் கான்ட்ராக்டர் கொடுத்த அடையாள அட்டையில் அவள் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது, அந்த எழுத்துகளின் முகம் தெரியும். அதே எழுத்துகள். ஒரு பழைய போனில் கேமை ஏற்றி, வீட்டில் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்று கொடுத்தார்கள்.

சனிக்கிழமை தண்ணீர் நாள். முத்தம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனைக் குழாயடி முழுக்கக் காட்டினாள். இதோ எம்பேரு, இது நான் போட்ட புதிர், இந்தச் செங்கல் நம்ம செங்கல். பெண்கள் ஒருத்தர் தோளுக்கு மேல் ஒருத்தர் எட்டிப் பார்த்தார்கள். குடம் தூக்க வந்த ரூபினியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொன்னாள். ரூபினி போனை வாங்கிப் பார்த்தாள். உடனே திருப்பி நீட்டினாள்.

"பேரு இருக்குல்லம்மா, விடு. தண்ணி வந்துடுச்சு பாரு."

"மேல ஏதோ எழுதியிருக்கே. படிடி."

ரூபினி தலையைக் குனிந்துகொண்டு வாசித்தாள். லெவல் டிசைன், அதாவது புதிர் போட்டது, ஸ்ரீஹர்ஷா. அப்புறம் வரிசையாக எல்லோரும். ப்ரூனோ, சீஃப் ஹேப்பினஸ் ஆபீசர். அதற்குக் கீழே, கடைசியாக, ஹவுஸ்கீப்பிங், முத்தம்மா.

அந்த வார்த்தைக்குக் குழாயடியில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதிப் பேருக்கு அதுதான் வேலை. பின்னால் நின்ற ஒருத்தி, கெட்ட எண்ணம் இல்லாமல்தான், சிரித்துக்கொண்டே கேட்டாள். போனுக்குள்ளயும் நீதான் பெருக்குறியா முத்தம்மா? எல்லோரும் சிரித்தார்கள். குழாய்க்கடியில் வைத்த முத்தம்மாவின் குடம் நிறைந்து வழிந்து சந்தில் ஓடியது. அவள் நகர்த்தாமல் நின்றாள். ரூபினிதான் தூக்கினாள்.

திங்கட்கிழமை காலையில் துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால் அவள் ஜெயராமனின் மேஜைக்குப் போய் போனை வைத்தாள். அவர் புன்னகையோடு, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷமா என்றார். பக்கத்தில் ஸ்ரீஹர்ஷாவும் இருந்தான்.

"பெருக்குறதுக்கு மாசா மாசம் சம்பளம் வாங்கறேன் சார். அதுக்கு யாரு பேரு கேட்டா? யோசிச்சதுக்குக் கேட்டேன்."

ஜெயராமன் கோபித்துக்கொள்ளவில்லை. அவரவர் போஸ்ட் என்னவோ அதைத்தான் போடுவது வழக்கம், ஃபார்மேட் அப்படி, இதில் இறக்கம் ஒன்றும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். நாயின் போஸ்ட் என்ன ஃபார்மேட் என்று அவள் கேட்டாள். அவர் வாசலைப் பார்த்தார், ஸ்ரீஹர்ஷா தரையைப் பார்த்தான். பிறகு ஜெயராமன் பேச்சை மாற்றினார். போன் கம்பெனிக்காரர்களுக்கு அந்தச் செங்கல் ரொம்பப் பிடித்துவிட்டதாம், அதே மாதிரி இன்னும் இருபது வேண்டுமாம். உங்க ஹெல்ப் வேணும் முத்தம்மா என்றார்.

இருபது என்ன, அவள் தலையில் முப்பது இருந்தது. ஒவ்வொரு தண்ணீர் நாளும் ஒன்றைக் கொடுத்திருந்தது. அவள் கீழே இறங்கிப் போனாள். சமையலறைத் தரையில் ஒன்பது கிளாஸையும் கவிழ்த்தாள், இந்தத் தடவை இரண்டு ரஸ்க். ஸ்ரீஹர்ஷா நோட்டோடு வந்து கதவில் நின்றான். அவன் கண் கிளாஸ்களின் மேல் ஓடுவதையும், ஓடிய கண் அப்படியே நிற்பதையும் அவள் பார்த்தாள். பார்த்த உடனே பிடித்துவிட்டது அவனுக்கு. பாவம், அந்தப் பைத்தியம் அவனுக்கும் உண்டு.

"இதுல ரெண்டு செங்கல்லாக்கா? எது யாரோடது?"

"விடையில்லாம ஒண்ணு போட்டீங்களே, அதே மாதிரி இருவது போட்டுக்குங்க சார். டிசைன் உங்க போஸ்ட்தானே."

அவன் அவசரமாகப் பேனா மூடியைக் கழற்றினான். அவள் குனிந்தாள். அவன் முதல் கட்டத்தை வரைந்து முடிப்பதற்குள் ஒன்பது கிளாஸும் தொட்டிக்குள் இருந்தன. முத்தம்மா குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள்.